சோலார் பேட்டரிக்குப் பொருத்தமான பிஎம்எஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் மின்னணுப் பலகைதான் பிஎம்எஸ் (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்). அதை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை ஆம்பியர்?” என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் இரண்டில் தவறிவிட்டால் ஆம்பியர் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

படி 1: செல் எந்த வகை?

லித்தியம் செல்களில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 3.65 வோல்ட், என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) செல் 4.2 வரை போகும். என்எம்சிக்கான பிஎம்எஸ்ஸை எல்எஃப்பி பேட்டரியில் மாட்டினால், செல் 3.65-ஐத் தாண்டிய பிறகும் அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். மொபைல் செயலியில் செல் வகையை மாற்றிக்கொள்ளும் மாடல் என்றால், மாட்டியதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

படி 2: வரிசையில் எத்தனை செல்?

லேபிளில் உள்ள “48 வோல்ட்” என்பதை நம்பாதீர்கள். எல்எஃப்பியில் 15 செல் தொடரும் (48 வோல்ட்) 16 செல் தொடரும் (51.2 வோல்ட்) அதே பெயரில்தான் விற்பனையாகின்றன. பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பக்க இணைப்பில் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து) இருக்கும் இரண்டு செல்களை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

படி 3: இப்போது ஆம்பியர்

3000 வாட் இன்வெர்ட்டர், 16 செல் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் இறங்கி 48 வோல்ட்டில் நிற்கும்போதுதான் மின்னோட்டம் அதிகம் இழுக்கும். அதை வைத்தே கணக்குப் போடுங்கள். இன்வெர்ட்டரின் திறன் 90 சதவீதம் என்றால், 3000 ÷ 0.9 ÷ 48 = சுமார் 70 ஆம்பியர். கொஞ்சம் இடம் விட்டு 100 ஆம்பியர் வாங்கலாம். நான் ஒருமுறை கணக்குப் போடாமல் 60 ஆம்பியர் வாங்கினேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீடே இருண்டது. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்காமல் பிஎம்எஸ் துண்டித்துவிட்டது.

பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச அளவா, தொடர்ந்து தாங்கும் அளவா என்று பாருங்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது. சார்ஜ் வரம்பு தனியாக, பெரும்பாலும் குறைவாக இருக்கும். சோலார் சார்ஜர் தருவது அதற்குள் அடங்க வேண்டும்.

படி 4: இன்வெர்ட்டரோடு பேசுமா?

தகவல் பரிமாற உதவும் கேன் அல்லது ஆர்எஸ்485 போர்ட் இருந்தால் மட்டும் போதாது, பிஎம்எஸ், இன்வெர்ட்டர் இரண்டுக்கும் ஒரே நெறிமுறை (புரோட்டோகால்) வேண்டும். பேசாவிட்டாலும் குடி முழுகிவிடாது. இன்வெர்ட்டரில் வோல்டேஜ் அளவுகளைக் கையால் அமைத்து ஓட்டலாம்.

குளிர்ப் பிரதேசம் என்றால், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் வசதி கட்டாயம்.

படி 5: மாட்டும் முன்

முதலில் பேட்டரியின் மைனஸ் முனைக்குப் போகும் பி மைனஸ் கம்பி, அப்புறம்தான் பேலன்ஸ் பிளக் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய கம்பிகள் சேரும் பிளக்). பிளக்கைச் செருகும் முன், அடுத்தடுத்த பின்களை மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் 3.2, 3.3 வோல்ட் என்று காட்ட வேண்டும். எங்காவது 6.5 என்று வந்தால் ஒரு செல்லைத் தாண்டிக் கம்பி மாட்டியிருக்கிறீர்கள்; மைனஸ் குறி வந்தால் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன. சரிசெய்து, மறுபடி எல்லாவற்றையும் அளந்துவிட்டுச் செருகுங்கள்.