பலதரப்பட்ட குழுவை அமைப்பதில் எங்கே சறுக்குகிறோம்?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சோல் பிரிந்து வரும் தலைவலி தெரியும். காரணம் ஒன்றாக இருக்காது. தோலில் எண்ணெய்ப் பசை கூடியிருக்கலாம். அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, சரியாகத் தேய்க்காமல் விட்டிருக்கலாம். ஒட்டுகிற பேஸ்ட் காய்வதற்குள் சோலை வைத்து அழுத்தியிருக்கலாம். ஹீட்டரில் சூடு போதாமல் இருந்திருக்கலாம். தோல் பதனிடும் டேனரிக்காரர், கெமிக்கல்காரர், மெஷின் பார்ப்பவர், லைனில் நிற்பவர் எல்லோரும் சேர்ந்தால்தான் பிடிபடும். பலதரப்பட்ட குழு தேவைப்படுவது இதற்குத்தான். அறுந்த பெல்ட்டை மாற்ற ஃபிட்டர் ஒருவர் போதும். அதற்கும் கமிட்டி போடுவது வெட்டி வேலை.

பெரிய தவறு, முகத்தை மட்டும் கலப்பது. ஐந்து டிபார்ட்மென்ட் மேனேஜர்களோடு பேருக்கு ஒரு பெண்ணையும் உட்காரவைத்தால் எல்லாத் தரப்பும் வந்துவிட்டதாகக் கணக்கு. பேஸ்ட் தடவுகிற அக்காவை யாரும் கேட்பதில்லை. "டார்கெட்டை ஏத்திட்டீங்க, காயவைக்க நேரம் எங்க சார் இருக்கு?" என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிடக்கூடும்.

சரி, அவரையும் கூப்பிட்டாயிற்று. லைனில் தமிழும் உருதுவும் புழங்க, கூட்டம் மட்டும் இங்கிலீஷில் நடந்தால் அவர் என்ன பேசுவார்? ஷிப்ட் முடிந்தபிறகு கூட்டம் வைத்தால் கம்பெனி பஸ் போய்விடுமே என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். வேலை நேரத்திலேயே, லைன் பக்கத்திலேயே, பிரிந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மேனேஜர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு 'ஆமாம் சார்' தவிர வேறு வார்த்தை வராது.

படித்தவர்கள் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு வேலூரிலேயே பதில் இருக்கிறது. 1946-ல் அங்குள்ள சிஎம்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்து பெயர் வாங்கியவர். ஆனால் உணர்ச்சியற்ற பாதத்தில் நடக்க நடக்கப் புண் வரும்; அதைக் கத்தியால் தடுக்க முடியாது. மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வேண்டும். அதனால் பிசியோதெரபியும் செருப்புப் பட்டறையும் மருத்துவத்தோடு சேர்ந்தே வளர்ந்தன.

முடிவை எடுத்துவிட்டுக் கையெழுத்துக்காகக் குழு கூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம், பதில் சொல்லாமல் விடுவது. பேஸ்ட் காயக் கூடுதல் நேரம் தருகிறீர்களா, இல்லையென்றால் ஏன் முடியாது என்பதை அந்த வாரமே அந்த அக்காவிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.