பழைய பீங்கான் விளக்கு வாங்குகிறீர்களா? கவிழ்த்துப் பாருங்கள்

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பழைய பங்களாச் சாமான்களோடு பீங்கான் மேசை விளக்கு விற்பனைக்கு வந்தால், முதலில் அடியில் வயர் போகும் துளையைப் பாருங்கள். துளையின் உள்விளிம்பிலும் மெருகு ஓடியிருந்தால், சூளைக்குப் போகுமுன்பே போட்ட துளை, விளக்காகவே செய்திருப்பார்கள். மெருகு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து மெருகில்லாத சுட்ட மண் தெரிந்தால், பூச்சாடியைப் பிற்பாடு துளைத்திருக்கிறார்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் விலையைத் தயங்காமல் குறைத்துக் கேளுங்கள். அந்தத் துளை தயாரிப்பாளரின் முத்திரையையும் அழித்திருந்தால் இன்னும் குறைத்தே கேட்கலாம்.

சரி, பிடித்துவிட்டதா? பழைய ரப்பர் வயரை நம்பவே வேண்டாம், மலையக ஈரத்தில் அது இன்னும் மோசம். அமெரிக்க விளக்கென்றால் அதிலுள்ள 120 வோல்ட் பல்ப் நம் 230 வோல்ட்டைத் தாங்காது. வயர், ஹோல்டர், பிளக் மூன்றையும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.