பைன் மரத்தடியில் இரண்டு பொலீட் காளான்கள்: எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மழைக்குப் பிறகு பைன் மரத்தடியில் பழுப்புத் தொப்பியோடு, தொட்டால் விரலில் ஒட்டுகிற வழவழப்போடு ஒரு காளான் நின்றால், அது பொலீட் வகையில், அதாவது தொப்பிக்கு அடியில் செவுள்களுக்குப் பதில் துளைகள் உள்ள காளான் வகையில், சுயில்லஸ் என்ற பேரினமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதில் புதியவர்கள் அதிகம் குழம்புவது லூட்டியஸ், கிரானுலாட்டஸ் என்ற இரண்டு இனங்களில்தான். இரண்டுக்கும் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-லேயே தனித்தனியாகப் பெயர் வைத்துவிட்டார்.

முதலில், தொப்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் கத்தியை விட்டு நெம்பி, தண்டு முழுசாக வரும்படி எடுங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டிய அடையாளம் பெரும்பாலும் தண்டில்தான் இருக்கிறது. சரி, இப்போது கவிழ்த்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாகச் செவுள்கள் தெரிந்தால் அது பொலீட்டே இல்லை. பஞ்சு மாதிரி மஞ்சள் துளைகள் இருக்க வேண்டும்.

அடுத்து தண்டில் வளையத்தைத் தேடுங்கள். லூட்டியஸ் இளசாக இருக்கும்போது அதன் துளைகளை ஒரு வெள்ளைச் சவ்வு மூடியிருக்கும். தொப்பி விரிய விரிய அது கிழிந்து தண்டைச் சுற்றி வளையமாகத் தங்கி, அந்த வளையத்தின் அடிப்பக்கம் ஊதா கலந்த பழுப்பாக மாறும். கிரானுலாட்டஸுக்கு எந்த வயதிலும் சவ்வும் கிடையாது, வளையமும் கிடையாது. ஆனால் வளையம் இல்லை என்பதற்காக உடனே கிரானுலாட்டஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முற்றிய லூட்டியஸில் அது சுருங்கியோ உதிர்ந்தோ போயிருக்கலாம். தண்டில் கருத்த தழும்பு இருக்கிறதா, தொப்பி விளிம்பில் சவ்வுத் துணுக்கு தொங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஓர் இளங்காளான் கிடைத்தால் சந்தேகமே வராது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம்: இளம் கிரானுலாட்டஸின் துளைகளில் பால் போன்ற சின்னச் சின்னத் துளிகள் கசிந்து நிற்கும். தண்டின் மேல்பகுதியிலும் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் இருக்கும். ஆனால் புள்ளிகளை மட்டும் நம்பக் கூடாது, லூட்டியஸிலும் வளையத்துக்கு மேலே அவை உண்டு.

தொப்பி நிறம் கூடுதல் உதவிதான். லூட்டியஸ் அடர்பழுப்பு, கிரானுலாட்டஸ் ஆரஞ்சு கலந்த வெளிர்பழுப்பு. மழையும் வெயிலும் இரண்டையும் மாற்றிவிடும்.

இரண்டையும் சமைத்துச் சாப்பிடுபவர்கள் வழவழப்பான தோலை உரித்துவிடுவார்கள், அப்படியும் சிலருக்கு வயிறு கெடும். நீங்கள் எடுத்ததை, காளான் நன்றாகத் தெரிந்த ஒருவர் நேரில் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லும்வரை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.