‘ஆல்தோ’ போட்டாச்சு, அப்புறம் ‘பட்’ எதற்கு?

பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல்.” எல்லாரும் கிண்டல் செய்யும் வாக்கியம்தான். ஆனால் இலக்கணப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. ‘ஆஸ்’ காரணத்தைத் தொடங்கி வைக்கிறது, கமாவோடு காரணம் முடிகிறது, அடுத்து நேராக விஷயம். அதே ஆள் வேலைக்குப் போனபிறகு மேனேஜருக்கு அனுப்பும் மெயிலைப் பாருங்கள்: “ஆஸ் ஐ ஹேவ் ஃபீவர், ஸோ ஐ கேனாட் கம் டுடே.” மனப்பாடம் செய்ததில் இல்லாத அந்த ‘ஸோ’ எங்கிருந்து முளைத்தது?

தமிழிலிருந்துதான் என்பது என் எண்ணம். “மழை பெய்ததால் போகவில்லை”, “மழை பெய்தாலும் போனோம்”, “மழை பெய்தால் போகமாட்டோம்” என்று நாம் சொல்லும்போது, இணைக்கிற வேலையைச் செய்யும் விகுதி முதல் பாதியின் வாலில், அதாவது வாக்கியத்தின் நடுவில் இருக்கிறது. ஆங்கிலம் அந்த வேலையை ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘இஃப்’ என்று வாக்கியத்தின் தலையிலேயே முடித்துவிடும். பேசிக்கொண்டே நடுவுக்கு வந்தால் அங்கே ஒன்றும் இல்லை. நம் காதுக்கு அது வெறிச்சென்று படுகிறது. உடனே கைக்குக் கிடைத்த சொல்லைப் போட்டு அடைத்துவிடுகிறோம்.

“ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வீ வென்ட்” இப்படித்தான் பிறக்கிறது. ‘ஆல்தோ’ வேண்டும், இல்லை ‘பட்’ வேண்டும். இரண்டும் சேர்ந்து வேண்டாம். ‘பிகாஸ்’ போட்டால் ‘ஸோ’ கிடையாது. “இஃப் யூ கம் மீன்ஸ், ஐ வில் வெயிட்” என்பதும் இதே ரகம். “நீங்க வந்தீங்கன்னா” என்பதில் உள்ள ‘ன்னா’வைத்தான் ‘மீன்ஸ்’ ஆக்கி நடுவில் உட்கார வைக்கிறோம். ‘இஃப்’ ஏற்கெனவே அந்த வேலையைப் பார்த்துவிட்டது, ‘மீன்ஸ்’ஸை எடுத்துவிடலாம்.

‘அன்லெஸ்’ கொஞ்சம் வேறு. “நீ வராவிட்டால்” என்பதில் எதிர்மறை வினையிலேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் “அன்லெஸ் யூ டோன்ட் கம்” என்று எழுதிவிடுகிறோம். ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே ‘நாட்’ ஒளிந்திருக்கிறது. “அன்லெஸ் யூ கம்” போதும்.

அடுத்தது, எனக்குத் தெரிந்து மிக அதிகமாகக் குழப்புவது: ‘பிகாஸ்’ஸும் ‘பிகாஸ் ஆஃப்’பும். தமிழில் “மழையால் தாமதம்” என்றாலும் “மழை பெய்ததால் தாமதம்” என்றாலும் அதே ‘ஆல்’தான். பெயர்ச்சொல்லோடும் ஒட்டும், வினையோடும் ஒட்டும். ஆங்கிலம் இங்கே கறார். பின்னால் வெறும் பெயர்ச்சொல் என்றால் “பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்”. எழுவாயும் வினையும் வந்தால் “பிகாஸ் இட் ரெய்ன்ட்”. முன்னது முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்) தொடங்கி வைக்கும் தொடர், பின்னது எழுவாயும் வினையும் உள்ள துணை வாக்கியம் (கிளாஸ்). ‘டெஸ்பைட்’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ இரண்டும் முதல் ரகம் என்பதால் “இன் ஸ்பைட் ஆஃப் ஹீ வாஸ் இல்” தவறு. “இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னெஸ்” சரி, “ஆல்தோ ஹீ வாஸ் இல்” என்பதும் சரி. ஆமாம், ‘டெஸ்பைட்’டுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வராது.

‘ட்யூரிங்’, ‘வைல்’ ஜோடியும் இப்படியே. “பரீட்சையின்போது” என்றால் ‘ட்யூரிங் தி எக்ஸாம்’. “பரீட்சை எழுதும்போது” என்றால் ‘வைல் ஐ வாஸ் ரைட்டிங்’. நமக்கு இரண்டுமே ‘போது’. நல்லவேளை, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘சின்ஸ்’, ‘அன்டில்’ நான்கும் இரண்டு வேலையும் பார்க்கும். “ஆஃப்டர் லஞ்ச்”, “ஆஃப்டர் வீ ஏட்” இரண்டுமே சரி.

முன்னிடைச்சொல் தொடரால் வாக்கியத்தைத் தொடங்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. கல்லூரி அசைன்மென்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம்: “பை ரீடிங் டெய்லி வில் இம்ப்ரூவ் யுவர் இங்கிலீஷ்.” யார் இம்ப்ரூவ் செய்வது? ‘பை ரீடிங் டெய்லி’ எழுவாயாக நிற்க முடியாது, அதன் தலையில் ‘பை’ உட்கார்ந்திருக்கிறது. ‘பை’யை வெட்டினால் ‘ரீடிங் டெய்லி’ எழுவாயாகிவிடும். அல்லது “பை ரீடிங் டெய்லி, யூ வில் இம்ப்ரூவ்” என்று ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும். “இன் திஸ் ஆர்ட்டிக்கிள் டெல்ஸ்”, “அக்கார்டிங் டு தி டாக்டர் செஸ்” இரண்டுக்கும் வியாதி ஒன்றே. தமிழில் எழுவாய் இல்லாமலே வண்டி ஓடும், அதனால் அது இல்லாதது நமக்கு உறைப்பதில்லை.

ஆளைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, சரியான ஆளாகவும் இருக்க வேண்டும். “ஆஃப்டர் ரைட்டிங் தி எக்ஸாம், தி ரெய்ன் ஸ்டார்டட்” என்றால் மழைதான் பரீட்சை எழுதியது. “ஆஃப்டர் ஐ ரோட் தி எக்ஸாம்” என்று மாற்றினால் மழைக்கு அந்தச் சிரமம் இருக்காது.

இதற்கு நடுவில், தவறே இல்லாத ஒன்றைத் தவறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: ‘ஆண்ட்’, ‘பட்’, ‘பிகாஸ்’ஸில் வாக்கியம் தொடங்கக் கூடாதாம். 1611-இல் வந்த ஆங்கில பைபிளைத் திறந்தால், ஆதியாகமத்தின் முதல் வசனம் ‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லில் தொடங்குகிறது; அந்த அதிகாரத்தின் மற்ற வசனங்களில் பெரும்பாலானவை ‘ஆண்ட்’டில் தொடங்குகின்றன. ‘பிகாஸ்’ஸில் தாராளமாகத் தொடங்கலாம், முக்கிய வாக்கியம் பின்னால் வந்தால் சரி. “பிகாஸ் ஐ வாஸ் இல்.” என்று முற்றுப்புள்ளி வைத்து நிறுத்தினால்தான் சிக்கல். பேச்சில் பதிலாகச் சொல்லலாம், விண்ணப்பத்தில் எழுதினால் பாதி வாக்கியம்.

எதிர்மறையான தொடர் முன்னால் வந்தால் பின்னால் வார்த்தை வரிசையே புரளும். “அண்டர் நோ சர்கம்ஸ்டன்ஸஸ் யூ ஷுட்” அல்ல, “ஷுட் யூ”. ‘ஒன்லி ஆஃப்டர்’, ‘நாட் அன்டில்’ என்று தொடங்கினாலும் அப்படியே, கேள்வி கேட்பதுபோல.

‘ஆஸ் சூன் ஆஸ்’ வாக்கியத்தை ‘நோ சூனர்’ ஆக மாற்றும் கேள்வி இங்கேதான் பலரைக் கவிழ்க்கிறது. “ஆஸ் சூன் ஆஸ் தி பெல் ராங், தி பாய்ஸ் ரான் அவுட்” என்பதில் நடுவில் ஒட்டு வேண்டாம். “நோ சூனர் டிட் தி பெல் ரிங் தேன் தி பாய்ஸ் ரான் அவுட்” என்பதில் ‘டிட்’ முன்னால் பாய்கிறது, வினை ‘ரிங்’ ஆகச் சுருங்குகிறது, நடுவில் ‘தேன்’ கட்டாயம். நாம் அடைக்கத் துடிக்கும் அந்த நடு இடத்தை ஆங்கிலமே அடைக்கச் சொல்லும் அபூர்வமான இடம் இது. அங்கே போய் ‘வென்’ போட்டுவிடாதீர்கள்; அது ‘ஹார்ட்லி’யோடு வருவது.