நிறுத்திவைத்த லாபம்: கணக்கு எழுதும்போது எங்கே தவறுகிறது?

இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்டில்) பங்குதாரர் நிதியின் கீழே ‘ரீடெய்ன்ட் எர்னிங்ஸ்’ என்றொரு வரி இருக்கும். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து ஈட்டிய நிகர லாபத்தில், பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததுபோக மிஞ்சியிருப்பதுதான் இந்த நிறுத்திவைத்த லாபம். ஆரம்ப இருப்போடு ஆண்டின் நிகர லாபத்தைக் கூட்டி, அறிவித்த டிவிடெண்டை, அதாவது பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்தை, கழித்தால் இறுதி இருப்பு வந்துவிடும். இவ்வளவு எளிய கணக்கில்தான் ஏராளமான குளறுபடிகள்.

எல்லாவற்றிலும் பெரியது, இந்தத் தொகை வங்கியில் ரொக்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. ஆரம்ப இருப்பு 8,00,000, நிகர லாபம் 3,00,000, அறிவித்துக் கொடுத்த டிவிடெண்ட் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். இறுதி இருப்பு 9,80,000. அதாவது 1,80,000 கூடியிருக்கிறது. அதே ஆண்டில் கடனுக்கு விற்று வசூலாகாத தொகை 2,20,000 உயர்ந்தது; 1,50,000 கொடுத்து இயந்திரம் வாங்கப்பட்டது; தேய்மானம், அதாவது சொத்துகள் தேய்வதற்காக எழுதும் செலவு, 40,000. இப்போது ரொக்கத்தைப் பாருங்கள்: லாபம் 3,00,000-உடன், பணமாக வெளியே போகாத தேய்மானம் 40,000-ஐக் கூட்டி, 2,20,000, 1,50,000, 1,20,000 மூன்றையும் கழித்தால் வருவது மைனஸ் 1,50,000. நிறுத்திவைத்த லாபம் ஏறியிருக்கிறது, ரொக்கமோ இறங்கியிருக்கிறது. இரண்டுமே சரியான எண்கள்தாம். டிவிடெண்ட் கொடுக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்க ரொக்க ஓட்ட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

டிவிடெண்டைச் செலவாக எழுதுவது அடுத்த தவறு. இது லாபத்தைப் பிரித்துக் கொடுப்பது. லாப நட்டக் கணக்கில் இதற்கு இடமில்லை. அங்கே எழுதினால் மேலே சொன்ன 3,00,000 லாபம் 1,80,000 ஆகத் தெரியும். இறுதி இருப்பு மட்டும் சரியாகவே வந்து நிற்பதால் பலர் கண்ணில் படாது. கீழே இன்னொரு முறை கழித்தால்தான் 8,60,000 என்று வந்து மாட்டிக்கொள்ளும். சரியான பதிவு: அறிவிக்கும் நாளில் நிறுத்திவைத்த லாபத்துக்குப் பற்று (டெபிட்), செலுத்த வேண்டிய டிவிடெண்டுக்கு வரவு (கிரெடிட்). பணம் கொடுக்கும் நாளில் செலுத்த வேண்டிய டிவிடெண்டுக்குப் பற்று, வங்கிக்கு வரவு. ஆண்டு முடிந்தபின் அறிவித்த டிவிடெண்டை முடிந்த ஆண்டின் பொறுப்பாக (கொடுக்க வேண்டிய கடனாக) காட்டக் கூடாது என்கிறது ஐஏஎஸ் 10 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை. நிதி அறிக்கையோடு தரும் விளக்கக் குறிப்பில் தெரிவித்தால் போதும்.

சரிக்கட்ட முடியாத வித்தியாசங்களைக் கொட்டும் குப்பைத்தொட்டியாக இந்தக் கணக்கைப் பயன்படுத்துவோரும் உண்டு. ‘பழைய பாக்கி’ என்று ஒரு குறிப்பேட்டுப் பதிவைப் போட்டு ஆரம்ப இருப்பை மாற்றிவிடுவார்கள். சென்ற ஆண்டின் பெரிய பிழையை இங்கே திருத்தலாம், அதற்கு ஐஏஎஸ் 8 வழி சொல்கிறது: ஒப்பீட்டுக்காகக் காட்டும் முந்தைய ஆண்டு எண்களையும் திருத்தி, காரணத்தை வெளியிட வேண்டும். வரியை மறந்துவிடக் கூடாது. விட்டுப்போன 60,000 விற்பனையைச் சேர்க்கும்போது, வரி 25 சதவீதம் என்றால், இங்கே ஏறுவது 45,000 மட்டுமே. மீதி 15,000 வரிப் பொறுப்பு. இயந்திரத்தின் பயன்பாட்டு ஆயுளை எட்டு ஆண்டிலிருந்து பத்தாக மாற்றுவது போன்றவை பிழைத் திருத்தம் அல்ல, மதிப்பீட்டு மாற்றம். அது இந்த ஆண்டிலிருந்து லாப நட்டக் கணக்கு வழியாகத்தான் வரும். இந்த இரண்டையும் குழப்புவது அனுபவசாலிகளிடமும் காணப்படுகிறது.

இங்கே வரக் கூடாத வரவுகளும் உண்டு. முகமதிப்புக்கு மேல் பங்கு விற்றுக் கிடைத்த தொகை, பங்கு பிரீமியம் கணக்குக்குப் போக வேண்டும். நிலத்தை மறுமதிப்பீடு செய்து வந்த உயர்வு மறுமதிப்பீட்டு உபரியில் நிற்கும். நிலத்தை விற்ற பிறகு அதை இங்கே மாற்றலாம், ஆனால் லாப நட்டக் கணக்கைத் தொடாமல். போனஸ் பங்குக்காக (இருக்கும் பங்குதாரர்களுக்கு இலவசமாகத் தரும் பங்குக்காக) இங்கிருந்து பங்கு மூலதனத்துக்கு மாற்றினால் மொத்தப் பங்குதாரர் நிதி ஒரு காசுகூட மாறாது. இருப்பு எதிர்மறையானால் அது திரண்ட நட்டம். பங்குதாரர் நிதியிலேயே கழித்துக் காட்ட வேண்டும். சொத்துப் பக்கத்துக்குத் தள்ளக் கூடாது. ஒருவரே உரிமையாளராக நடத்தும் தனியுரிமை வணிகத்தில் இந்தத் தலைப்பே தேவையில்லை. லாபமும் உரிமையாளரின் எடுப்புகளும் மூலதனக் கணக்கில் சேரும்.

மென்பொருளில் கணக்கு வைப்பவர்கள் ஆண்டுதோறும் முதலில் செய்ய வேண்டியது, தணிக்கை முடிந்த சென்ற ஆண்டின் இறுதி இருப்பும் இந்த ஆண்டின் ஆரம்ப இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. ஒத்துப்போகவில்லை என்றால், முடிந்த ஆண்டின் தேதியிட்டு யாரோ பிற்பாடு ஒரு பில்லைப் பதிந்திருக்கலாம் அல்லது நீக்கியிருக்கலாம். பதிவில் இட்ட தேதிக்கும் அதை மென்பொருளில் ஏற்றிய தேதிக்கும் இடைவெளி உள்ளவற்றை வடிகட்டித் தேடினால் பெரும்பாலும் சிக்கிவிடும். அதன்பின் பழைய ஆண்டைப் பூட்டிவிடுங்கள்.