ஊர்க் கடலில் ஃப்ளை தூண்டில்: பெட்டி கட்டுமுன்

கனடாவிலோ நோர்வேயிலோ ஸ்கொட்லாந்திலோ ஆற்றங்கரையில் ஃப்ளை தூண்டில் (‘ஃப்ளை’ என்ற, முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலி இரையை லைனின் எடையாலேயே எறியும் முறை) பழகியவர்களுக்கு, ஊருக்குப் போகும்போது தடியையும் கொண்டுபோக ஆசை வருவது இயல்பு. கொண்டுபோங்கள். ட்ரவுட் என்ற குளிர்நாட்டு ஆற்றுமீனுக்குக் கட்டிய பெட்டியை மட்டும் அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உப்பும் வெயிலும் அதற்கு ஒத்துவராது. இலங்கையின் வடக்கிலோ கிழக்கிலோ ஃப்ளை சாமான் வாங்கலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். உடைந்தால் மாற்றுவதற்கு உரியதெல்லாம் உங்கள் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்குமுன் காற்றைப் பாருங்கள். பிள்ளைகளின் விடுமுறை, நல்லூர்த் திருவிழா என்று யூலை, ஓகஸ்டில்தான் நம்மில் அதிகம் பேர் போகிறோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அது சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம். நாள் முழுக்க அடிக்கிற காற்றில் ஃப்ளை லைன் எறிவது நல்ல பழக்கமுள்ளவருக்கே சிரமம். அந்த மாதங்களில் போகிறவர்கள் தூண்டிலுக்கென்று திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் சில நாட்களை ஒதுக்குங்கள். கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். ஆனாலும் கச்சான் என்ற மேற்குக் காற்று எழுமுன் விடிகாலையிலேயே இறங்கிவிட வேண்டும். வடக்கில் மீன் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைவெள்ளம் இறங்கி நீர் கலங்கியிருக்கும். கலங்கிய நீரில் மீன் ஃப்ளையைக் காணாது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் வற்று, பெருக்கு அட்டவணையைப் பெரிதாகப் பேசும். இலங்கைக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் காற்றும் மழையும், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தின் நிலையும்தான் இங்கே கணக்கு. மட்டக்களப்பில் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா என்று போகுமுன் உறவினரிடம் கேட்டறியுங்கள். திறந்திருந்தால்தான் கடல்மீன் உள்ளே வந்து போகும்.

பாரை, கட்டா, சீலா, கொடுவா ஆகியவைதான் நம் இலக்கு. இவற்றுக்கு 9 அடி நீளமுள்ள 8 ஆம் எண் தடி ஒன்றும், பெரிய பாரைக்கும் காற்றுக்கும் 10 ஆம் எண் தடி ஒன்றும் போதும் (எண் கூடக் கூடத் தடி வலுக்கும்). நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதை வாங்கினால் சூட்கேசுக்குள் அடங்கும். ரீல் உப்புநீருக்கென்றே செய்ததாக, மீன் ஓடும்போது லைனை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பகுதி நீர் புகாமல் அடைத்ததாக இருக்க வேண்டும். பிரதான லைனுக்குப் பின்னால் 150 மீற்றராவது பின்நூல் சுற்றுங்கள். பாரை ஒருமுறை திரும்பி ஓடினால் அது தேவைப்படும்.

செலவைச் சுருக்குகிறவர்கள் தடியில் சுருக்கலாம், லைனில் சுருக்க வேண்டாம். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் இளகித் தளர்ந்து, தடியின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். எறிந்தால் பாதித் தூரம்கூடப் போகாது. வெப்பமண்டலக் கடலுக்கென்று விறைப்பான உள்நூலோடு விற்கிற லைனை வாங்குங்கள், மேலதிகமாக ஒன்றும் எடுங்கள். நுளம்பு எண்ணெயில் சேரும் டீட் இரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், லைனையும் அரிக்கும். பூசிய கையை நன்றாகக் கழுவாமல் லைனைத் தொடாதீர்கள். அதற்காக நுளம்பு எண்ணெயை விட்டுவிட்டும் போகாதீர்கள். மாரியில் டெங்கு உண்டு.

லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையில் கட்டும் லீடருக்கு 16 முதல் 20 றாத்தல் இழுவை தாங்கும் ஃப்ளோரோகார்பன் நூல். சீலாவின் பல் அதையும் ஒரே கடியில் அறுக்கும் என்பதால் மெல்லிய கம்பித் துண்டுகளும் வேண்டும். ஃப்ளைகளில் சிறுமீன் போலக் கட்டிய பச்சை வெள்ளை கிளவுசர் மின்னோ முதலிடம். பிறகு அதேபோல் சிறுமீன் வடிவிலான டிசீவர், நீர்மேல் தெறிக்கும் பொப்பர் சில, இறால் போலக் கட்டியவை சில. எல்லாத் தூண்டில்முள்ளிலும் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். காற்றில் முள் உங்கள் காதிலோ பக்கத்தில் நிற்பவர் கையிலோ ஏறினால் இலகுவாகக் கழரும். முள்ளும் குறடும் கையோடு கொண்டுபோகும் பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். மருந்தும் கண்ணாடியும் கையோடு இருக்கட்டும்.

புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பூங்காப் புல்லில் காற்றுக்கு எதிராக 15 மீற்றர் எறிந்து பழகுங்கள். எத்தனை விலையுள்ள தடியும் இந்தப் பயிற்சிக்கு ஈடில்லை.

மார்புவரை ஏறும் இறப்பர் காற்சட்டை ஊரில் தேவையே இல்லை. விரைவில் காய்கிற நீளக் காற்சட்டை, கைநீள மேற்சட்டை, கழுத்தையும் முகத்தையும் மூடும் துணி, அகன்ற தொப்பி, செப்பு நிறப் போலரைஸ்டு கண்ணாடி ஆகியவை போதும். நீருக்குள் மீனைக் காட்டுவது அந்தக் கண்ணாடிதான். காலுக்குத் தடித்த அடியுள்ள, கணுக்கால் மூடும் சப்பாத்து கட்டாயம். மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நகர்ந்தால் அது விலகிப் போய்விடும். திருக்கையின் முள் குத்திவிட்டால், காயமில்லாத கையால் சூடு பார்த்து, தாங்கக்கூடிய அளவு, ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள், பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலையில் சிக்கிய கடற்பாம்பை யாராவது எடுத்துக் காட்டினாலும் தொடாதீர்கள். அதற்கு விஷம் கடுமை.

வடக்கில் நடந்து போகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். மிதிவெடி அகற்றும் வேலை முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்திருக்கிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் ஓரடியும் முன்னே வைக்கக் கூடாது. ஊரவர் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை நீர் புகாத உறையில் வைத்திருங்கள், கடற்படை கேட்கலாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலை வெளியே எடுக்கவே வேண்டாம்.

உப்பைக் கழுவுவது தினசரி வேலை. தீவுப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர் என்பதால் நல்ல தண்ணீர் ஒரு போத்தல் ஒதுக்கிவையுங்கள். ரீலின் பிரேக்கை இறுக்கிவிட்டு மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளேதான் போகும். காய்ந்தபின் பிரேக்கைத் தளர்த்துங்கள். தடியை ஒவ்வொரு இரவும் கழற்றி வையுங்கள், இல்லையேல் பொருத்துகள் இறுகிவிடும்.

இனி மனிதர்கள். களப்பு உங்களுக்கு விடுமுறை, அங்குள்ளவர்களுக்குச் சோறு. யாழ்ப்பாணக் களப்பில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலையைக் கண்டால் தூரத்தில் நில்லுங்கள். வலை கிழிந்தால் ஒருவரின் பல நாள் உழைப்புப் போகும். இறங்குமுன் கரையில் நிற்பவரிடம் “அண்ணை, இஞ்சை எறியலாமோ? வலை ஏதும் கிடக்கோ?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் பதிலாக வரும். வள்ளம் வேண்டுமென்றால் கடற்றொழிலாளர் சங்கத்தில் விசாரியுங்கள். மண்ணெண்ணெய்ச் செலவையும் அன்றைய கூலியையும் முதலே பேசி முடியுங்கள். 2022 இல் மண்ணெண்ணெய் விலை பல மடங்காக ஏறியபின் ஓட்டிகளுக்கு அது பெருஞ்சுமை. உயிர்காப்பு அங்கி வள்ளத்தில் இருக்கும் என்று நினைக்காமல் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். செருப்போடு வள்ளத்தில் ஏறுவதைப் பலர் விரும்பமாட்டார்கள், கழற்றிவிட்டு ஏறுங்கள். கத்தோலிக்கக் கரையூர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அன்று யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது நீங்கள் பழகிய முறை. நல்ல பாரையை முத்தமிட்டுப் படம் எடுத்து நீரில் விடுவதைப் பார்க்கும் ஓட்டிக்கு அது மனத்தாங்கலாக இருக்கலாம். ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள்: சிறிய மீனை விடுவோம், கறிக்கு உதவுவது அவர் வீட்டுக்கு. விடுகிற மீனை ஈரக்கையால் பிடித்து, நீருக்கு மேலே தூக்காமல் முள்ளைக் கழற்றி விடுங்கள்.