டேப்பெட் முதலில், பாயின்ட் பிறகு: மைனரையும் மினியையும் வீட்டிலேயே பராமரிக்க

சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் பதிவான கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மற்ற நாளெல்லாம் ஈரக்காற்றில் சும்மா நிற்கும். எனவே இத்தனை மைலுக்கு ஒருமுறை என்று பழைய கையேடு சொல்லும் கணக்கு இங்கே ஒத்துவராது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை இஞ்சினைத் திறந்து பார்த்துவிடுங்கள். கீழே சொல்லும் அளவுகள் மோரிஸ் மைனர் 1000, பழைய மினி போன்ற கார்களில் உள்ள ஏ-சீரிஸ் இஞ்சினுக்கானவை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், அங்கே அனுமதி இல்லை. சொந்த வீட்டுக் கொட்டகையோ தெரிந்தவரின் வொர்க்‌ஷாப்போ வேண்டும்.

முதல் வேலை டேப்பெட், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. பலரும் பிளக்கையும் பாயின்டையும் (ஸ்பார்க் வரவைக்கத் திறந்து மூடும் சிறு மின்தொடுப்பு) மாற்றிவிட்டு இதைத் தள்ளிப்போடுவார்கள், ஆனால் காசு கரைவது இங்கேதான். ஈயம் கலந்த பெட்ரோல் 1998-லேயே இங்கு நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தில், எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காத்துவந்தது. அது இல்லாமல் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும், டேப்பெட் இடைவெளியும் அதற்கேற்பக் குறையும். இடைவெளி முற்றிலும் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் அந்தத் தொடுமுகம் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. வழி அடைபட்டால் வால்வு கருகும்.

அளவு 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முந்தின இரவே நிறுத்திவிட்டுக் காலையில் வேலை பாருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டால் இஞ்சின் லேசாகச் சுழலும். காரை டாப் கியரில் போட்டு மெல்ல முன்னால் தள்ளலாம், மைனரில் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலாலும் சுழற்றலாம்.

ராக்கர் கவரைக் கழற்றினால் எட்டு ராக்கர்கள் தெரியும். ஃபேன் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், மற்றவை இன்லெட். கூட்டினால் 9 வரவேண்டும் என்பதுதான் விதி: 8 முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருந்தால் 3-ஐ, 4 திறந்திருந்தால் 5-ஐ. இப்படியே எட்டும் முடியும்.

அரை அங்குல ரிங் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு நுழைந்து வெளியே வர வேண்டும். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறியிருக்கலாம். அளவு சரியாக இருந்தும் ஒரு டேப்பெட் மட்டும் டிக் டிக் என்று அடித்தால், ராக்கரின் முனையை விரலால் தடவுங்கள். தேய்ந்து குழி விழுந்திருந்தால் கேஜின் தகடு குழிக்குமேல் பாலம்போல் நின்று பொய்யான அளவைக் காட்டும். அந்த ராக்கரை மாற்றித்தான் தீர வேண்டும். சந்தேகம் வந்தால் இறுக்கத்தைவிடச் சற்றுத் தளர்வே மேல். சத்தம்தான் வரும், வால்வு போகாது.

ஒவ்வொரு வால்விலும் சரிசெய்வதற்கு முன் இருந்த அளவை நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே எக்ஸாஸ்ட் வால்வு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய வால்வு சீட் பொருத்தும் காலம் வந்துவிட்டது.

அடுத்தது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். மாதக்கணக்கில் நின்ற காரில் பாயின்ட் முகங்களில் மங்கலான படலம் படியும். சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுழலும், ஆனால் பிடிக்காது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பிறகு சுத்தமான காகிதத்தை இடையில் செருகி இழுத்துத் துடையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேமின் உச்சியில் பாயின்டின் ஹீல் (கேமில் உரசும் முனை) நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம் வையுங்கள். ஹீலுக்குக் கடுகளவு கிரீஸ் போதும், அதிகம் வைத்தால் தெறித்துப் பாயின்டில் ஒட்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கும். அதனால் இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். கழற்றிய பேட்டரி இணைப்பை மாட்டி, 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனையிலும் (காயிலிலிருந்து மெல்லிய வயர் வந்து சேரும் இடம்) மற்றதை எர்த்திலும் (காரின் உலோக உடல்) இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு சேர்ந்திருப்பது) இருக்கும், பல்புக்கு அதனால் ஒன்றுமில்லை. உங்கள் மாடலின் கையேடு சொல்லும் டிகிரிக் குறிக்கு, இஞ்சின் சுழலும் திசையில் மட்டும் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள், இல்லையென்றால் கியர்ப் பல்லின் தளர்வு அளவைக் கெடுக்கும். பல்பு அந்தக் குறியில் எரியத் தொடங்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வையுங்கள். மைனரில் குறி கிராங்க் புல்லியில் இருக்கும். பழைய மினியில் ஃப்ளைவீல் கவரின் சிறு மூடியைத் திறந்து, சின்னக் கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க முடியும்.

ஆயிலுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே போதும், துத்தநாகம் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். மினியில் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, ஃபில்டரோடு சுமார் 5 லிட்டர் பிடிக்கும். இஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்: இங்குள்ள வடிகால்கள் பல நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன. டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் மூடியின் உள்ளே பால்போல் வெள்ளைப் படலம் தெரிந்தால் உடனே கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் சேரும் தண்ணீராக இருக்கலாம். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அப்புறமும் படலம் திரும்பி வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

ராக்கர் கவரை மூடும்போது புதுக் கார்க் கேஸ்கெட் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கார்க் லேசாக அமுங்கும்வரை மட்டும் இறுக்குங்கள். அதற்குமேல் முறுக்கினால் தகடு வளைந்து, மறுநாளே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுமேல் ஆயில் சொட்டிப் புகையும்.